கருப்பண்ணன் எழுதிய பத்தொன்பது கட்டுரைகள்

ஜூன் 9, திங்கள்

அறைத்தோழி ஷீபா மலையாளி. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எங்கள் விடுதி அறையில் பூட்டுள்ள அலமாரி ஒன்றுதான், அதுவும் அவளுடையது. அதனால் இந்த நோட்டைத் தமிழில் எழுதி மேசைமேல் திறந்தே வைக்கிறேன். இதைவிட நல்ல பூட்டு கிடையாது.

பத்தாண்டுகளில் இருபது நாடுகளில் பல் மருத்துவம் பற்றி வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் விவரம் முழுவதும் இன்று என் கணினிக்குள் வந்து சேர்ந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல். எந்த நாடு எவ்வளவு எழுதுகிறது, யார் எழுதுகிறார்கள் என்று ஒப்பிடுவதுதான் என் முதுநிலை ஆய்வேடு. மற்றத் துறைத் தோழிகள் ஈறு அறுக்கிறார்கள், கம்பி கட்டுகிறார்கள். நான் எண்ணுகிறேன்.

என் வழிகாட்டி சிவகாமி மேடம் திரையை எட்டிப் பார்த்தார்.

“அத்தனையும் படிக்கப் போறியா?”

“எண்ண மட்டும்தானுங்க மேடம்.”

“அதுவும் செரிதான். படிச்சா வருத்தம் வரும்” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

பவானியிலிருந்து அம்மா பேசினாள். கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு ஜாதகம் வந்திருக்கிறதாம். நான் பிரேசில் பற்றிப் பேசினேன்.

ஜூன் 12, வியாழன்

துணி துவைத்தேன். மழை வந்தது. மறுபடி துவைத்தேன்.

முதல் அட்டவணை தயார். மொத்தக் கட்டுரைகள்: அமெரிக்கா, பிரேசில், சீனா, இந்தியா. துறைத் தலைவர் வரதராஜன் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“மூணாவதா, நாலாவதா?”

“நாலுங்க சார்.”

“மூணுன்னு வர்ற மாதிரி ஏதாச்சும் ஒரு வருசம் இருக்கான்னு பாரும்மா.”

அடுத்த அட்டவணையில் கட்டுரைகளை அந்தந்த நாட்டின் பல் மருத்துவர் எண்ணிக்கையால் வகுத்திருந்தேன். சுவிட்சர்லாந்தும் ஸ்வீடனும் மேலே ஏறிவிட்டன. இந்தியா பதினெட்டுக்கு இறங்கியது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்: “இந்த டேபிள் எதுக்கு?”

ஜூன் 20, வெள்ளி

மூன்றாவது அட்டவணைக்குப் புள்ளியியல் விரிவுரையாளர் இளமாறன் உதவுகிறார். ஜனவரியில் சேர்ந்தவர், மன்னார்குடிக்காரர். டீயில் சர்க்கரை போடுவதில்லை. யோசிக்கும்போது பேனா மூடியைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, பிறகு அதையே தேடுகிறார். இன்று மூன்று முறை தேடினார்.

ஓர் ஆய்வாளர் சராசரியாக எத்தனை கட்டுரை எழுதுகிறார் என்பதுதான் மூன்றாவது கணக்கு. யார் எந்த ஆள் என்று மென்பொருளே பிரித்துத் தந்துவிடும். குடும்பப் பெயரும் சொந்தப் பெயரின் முதல் எழுத்தும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள். சீனா முதலிடம். அங்கே வாங் என்று ஒருவர், மேலும் ஓர் எழுத்து, பத்தாண்டில் அறுநூற்றுப் பதினொரு கட்டுரை.

“இவரு தூங்கவே மாட்டாரா?” என்றார் இளமாறன்.

“பெரிய ஆய்வகமா இருக்கும்.”

“அஞ்சு நாள், ஆறு நாளைக்கு ஒரு கட்டுரைங்க. நம்ம கேண்டீன்ல வடையே அந்த வேகத்துல வர்றதில்ல.”

சிரித்தேன். அளவுக்கு மீறி நிற்கும் எண்களை ஓரம் கட்டலாம் என்று முடிவு செய்து வாங்கை நீக்கிவிட்டோம். மனசு கொஞ்சம் உறுத்தியது, வாங்குக்காக.

ஜூலை 2, புதன்

கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் கண்டுபிடித்துவிட்டேன்.

மூன்றாவது அட்டவணையில் இந்தியா கடைசி. அதிலும் தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பேர் ஒரேயொரு கட்டுரை எழுதிவிட்டுக் காணாமல் போகிறார்கள். பெண்களில் இன்னும் அதிகம். நாலைந்து கட்டுரை எழுதி வருகிற பெண் ஏதோ ஓர் ஆண்டில் சட்டென்று நின்றுவிடுகிறாள். முதல் கட்டுரைக்கும் கடைசிக் கட்டுரைக்கும் இடையே சராசரி நான்கு ஆண்டுகள். இருபத்தைந்தில் தொடங்கினால் இருபத்தொன்பதில் முடிகிறது. காரணம் சொல்லத் தேவையில்லை.

எனக்கு இருபத்தேழு.

மாநாட்டுக்கு அனுப்பும் சுருக்கத்தை எழுதி முடித்தேன். முன்னுரையில் ஒரு வாக்கியம் தானாக வந்தது: “நம் நாட்டில் ஆராய்ச்சி என்பது காதுகுத்து மாதிரி, ஒருமுறை செய்தால் போதும்.” இளமாறன் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார், நூலகர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொல்வது என்று அரை மணி நேரம் பேசினோம். இதைப் போல ஒரு அரை மணி நேரம் இந்தக் கல்லூரியில் எனக்கு வாய்த்ததில்லை. வேலை நன்றாக நடந்தது என்ற பொருளில் சொல்கிறேன்.

சிவகாமி மேடம் மட்டும் சுருக்கத்தை இரண்டு முறை படித்தார். “பொம்பளைங்க நின்னுபோறாங்களாமா?” என்றார். “எண்ணி வந்ததுன்னா செரி. எனக்கென்னமோ எல்லாரும் ஓடிக்கிட்டே இருக்கற மாதிரிதான் தெரியுது.”

ஜூலை 11, வெள்ளி

தேர்வாகிவிட்டது! பெங்களூரில் நடக்கும் பன்னாட்டு மாநாடு, செப்டம்பர். பெரிய அரங்கில் இருபது நிமிடப் பேச்சு. இந்தியாவிலிருந்து மாணவர்கள் இரண்டு பேர்தான், அதில் ஒன்று நான். கடிதத்தை ஷீபாவிடம் படித்துக் காட்டினேன். அவள் என்னைத் தூக்கிச் சுற்றினாள். கட்டிலில் முட்டிக்கொண்டு முழங்காலில் காயம். வலிக்கவில்லை.

பள்ளியில் ஒப்புவித்தல் போட்டியில்கூட நான் மேடை ஏறியதில்லை. இதற்கு ஏற வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஜூலை 14, திங்கள்

கல்லூரி வாசலில் பேனர்! பத்தடிக்கு ஆறடி. “உலக அரங்கில் நம் மாணவி.” என் விடுதி அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். ஜுரம் வந்த அன்று எடுத்த படம். பக்கத்தில் வரதராஜன் சார், என்னைவிடக் கொஞ்சம் பெரிய அளவில்.

ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நீங்களா அது? ஒடம்பு தேவலையாங்க?” என்றார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. ஒரு மாதத்துக்கு ஜாதகம் வராது.

ஜூலை 20, ஞாயிறு

சிவகாமி மேடம் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். பெருந்துறைச் சாலையில் வீடு. அவருடைய அப்பா கருப்பண்ணன் ஐயா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அரசுப் பேருந்தில் முப்பத்தொரு வருடம் கண்டக்டர். வாயில் நாலு பல். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அது வேறு யாருக்கோ சொன்னது.

“வா அம்மிணி. பேனர்ல இருக்கற புள்ளதான நீ? நேர்ல நல்லாத்தான் இருக்கற.”

“அப்பா!” என்றார் மேடம் சமையலறையிலிருந்து.

“நல்லாருக்கறான்னுதான சொன்னேன்? செரி, நீ பெங்களூருக்குத்தான போற? நான் எங்க போறேன் தெரியுமா? பிராக்கு. ஐரோப்பாவுல இருக்குது.”

எனக்குப் புரியவில்லை. மேடம் தலையில் அடித்துக்கொண்டே கைபேசியில் ஒரு மின்னஞ்சலைத் திறந்து காட்டினார். “மதிப்புக்குரிய டாக்டர் கருப்பண்ணன் அவர்களுக்கு. ஈறு நோய்த் துறையில் தங்களுடைய ஒப்பற்ற ஆய்வுகளைக் கண்டு வியந்தோம். பிராக் நகரில் நடக்கும் உலக மாநாட்டில் தாங்கள் தலைமை உரையாற்ற வேண்டும்.”

“மாசத்துக்கு நாலு வருது இந்த மாதிரி. கட்டணம் கட்டச் சொல்லி ஏமாத்தறவங்க” என்றார் மேடம். “படிச்சுக் காட்டாட்டி இவருக்குச் சோறு எறங்காது.”

“எனக்கே நாலு பல்லு” என்றார் ஐயா. “நான் போயி என்னத்தப் பேசறது? இருந்தாலும் மருவாதையாக் கூப்படறான் பாரு. முப்பத்தியொரு வருசத்துல டிப்போ மேனேசரு ஒருத்தன் என்னைய மதிப்புக்குரியன்னு சொன்னதில்ல.”

விழுந்து விழுந்து சிரித்தேன். அரிசிம்பருப்பு சாதம், நெய், வடகம். இரண்டாவது முறை சாதம் வாங்கும்போதுதான் சிரிப்பு மெல்ல நின்றது. அந்த ஏமாற்றுக்காரர்களுக்கு ஐயாவின் பெயர் எப்படிக் கிடைத்தது?

“மேடம், கட்டுரை அனுப்பும்போது குடும்பப் பெயர்ங்கற எடத்துல நீங்க என்னங்க போடுவீங்க?”

“நமக்கேது குடும்பப் பேரு? இனிசியல விரிச்சு எழுதச் சொல்லுவான். அப்பா பேரப் போடுவேன். கல்யாணத்துக்கப்புறம் அவரு பேரு. சில சமயம் திருப்பிப் போட்டுருப்பேன். எந்தப் பத்திரிகைக்கு எப்படிப் போட்டனோ, யாரு கண்டா?”

வடகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“என்ன அம்மிணி, உப்புப் போதலையா?” என்றார் ஐயா.

ஜூலை 21, திங்கள்

தேடிப் பார்த்தேன். ஒன்றரை மாதமாக இந்தப் பட்டியலோடு வாழ்கிறேன், ஒருமுறைகூட மேடத்தின் பெயரைத் தேடிப் பார்க்கவில்லை. வழிகாட்டியைப் பட்டியலில் போட்டு எண்ணுவது மரியாதையில்லை என்று தோன்றியிருந்தது. தெரிந்தவர் யாரையுமே தேடவில்லை.

என் கணக்கில் மேடம் நான்கு பேர். “கருப்பண்ணன், சி.” பத்தொன்பது கட்டுரை, 2019இல் நின்றுவிட்டார். “லோகநாதன், சி.” 2020இல் தொடங்கி எட்டு. லோகநாதன் மேடத்தின் கணவர், நூல் வியாபாரம் செய்பவர். “சிவகாமி, க.” மூன்று. “சிவகாமி, லோ.” ஒன்றே ஒன்று. மூன்றில் இரண்டு பேர் என்று எழுதினேனே, அந்தக் காணாமல் போனவர்களில் இவரும் ஒருவர்.

மேடத்தின் கல்யாணம் 2019 ஆவணியில். மேடம் நிற்கவில்லை. இனிஷியல் மாறியது. நான்தான் அவரை நிறுத்திவிட்டேன்.

சீனாவில் நேர்மாறு. அந்த வாங் ஓர் ஆள் இல்லை. ஒரே குடும்பப் பெயரும் ஒரே முதல் எழுத்தும் உள்ள நூறு பேர், இருநூறு பேர். அங்கே பலரை ஒருவராக்கிவிட்டு, இங்கே ஒருத்தியை நான்காக வெட்டிவிட்டு, இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி யார் உயரம் என்று பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரர் ஒருவர் இந்தத் தவறைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். பிறந்தது முதல் இனிஷியலோடு திரிகிறவள் நான்.

ஜூலை 22, செவ்வாய்

என் பெயரையும் தேடினேன். பவானியில் உரக்கடை வைத்திருக்கும் என் அப்பா, கடைவாய்ப் பல் கட்டி பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்.

ஜூலை 23, புதன்

மாநாட்டுக்காரர்களுக்கு எழுத மின்னஞ்சலைத் திறந்தேன், மூடினேன். விடுதியில் தண்ணீர் வரவில்லை. வாளி தூக்கினேன். திறந்தேன், மூடினேன்.

உண்மையை எழுதினால் பேச்சு போகும். காதுகுத்து வாக்கியமும் போகும். அதற்கு இவ்வளவு வருத்தப்படுவேன் என்று நினைக்கவில்லை. எழுதாவிட்டால், பெரிய அரங்கில் நின்று, எங்கள் ஊர்ப் பெண்கள் கல்யாணத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்று படம் போட்டுக் காட்ட வேண்டும். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், எல்லாரும் கை தட்டுவார்கள். இது போன்ற செய்திக்கு எப்போதும் கை தட்டுகிறார்கள்.

நானே அதை ஏன் சரிபார்க்காமல் நம்பினேன் என்று யோசித்தேன். யோசனையை இங்கே எழுதவில்லை.

ஜூலை 24, வியாழன்

முதலில் இளமாறனிடம் சொன்னேன். அவர் திரையில் வாங்கின் வரியைத் தேடி எடுத்தார்.

“வாங் விஷயத்துல நான் விட்டுருக்கக் கூடாதுங்க. எனக்கு அப்பவே இடிச்சுது. நீங்க சிரிச்சீங்க, நான் மறந்துட்டேன்” என்றார். பிறகு பேனா மூடியைத் தேடினார். காதில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

சிவகாமி மேடம் தன் நான்கு வரிகளையும் கூட்டிப் பார்த்தார். “முப்பத்தியொண்ணா? எனக்கே தெரியாது. அப்பாவுக்குத்தான் சொல்லோணும், ரொம்ப சந்தோசப்படுவாரு. தலைவர்கிட்ட நீயே போய்ச் சொல்லீரு. நான் வந்தா, நான் சொல்லிக் குடுத்ததுன்னு நெனைப்பாரு.”

வரதராஜன் சார் முழுவதும் கேட்டார். பிறகு ஜன்னலைக் காட்டினார். அதன் வழியே பேனரின் முதுகு தெரிகிறது.

“பேனர் வெச்சாச்சு. இப்ப வந்து இல்லைங்கற?”

“தப்புங்க சார்.”

“பேசிட்டு வந்து திருத்திக்கலாமே. யாரு போயி ஒவ்வொருத்தரையா பாக்கப் போறா?”

“நான் பாத்துட்டனுங்க சார்.”

கொண்டுபோயிருந்த தாளை நீட்டினேன். “சார், நீங்களும் மூணு பேருங்க. ஒருத்தர் இருபத்திரெண்டு, ஒருத்தர் முப்பது, இன்னொருத்தர் பன்னெண்டு. மொத்தம் அறுபத்தி நாலு.”

“அறுபத்தி நாலா?”

“ஆமாங்க சார்.”

தாளை வாங்கி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனார். முகத்தில் தீபாவளி. “மேனேஜ்மென்ட்ல இருபத்திரெண்டுன்னுதான் வெச்சிருக்கறாங்க. இத்தனை வருசமா நானும் அதையே நம்பீட்டு இருக்கறேன்.” தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “மெயில் அனுப்பீரும்மா. பேனர் இருந்துட்டுப் போகட்டும். அதுல எந்த மாநாடுன்னு போடலையே.”

பதினொன்று நாற்பதுக்கு அனுப்பினேன். சுருக்கத்தில் சொன்னது தவறு, காரணம் இது, மூன்று வாரத்தில் திருத்தித் தருகிறேன், பேச்சை விலக்கிக்கொள்ளச் சொன்னாலும் சம்மதம் என்று. கடைசிப் பகுதி பொய். சம்மதம் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஊரில் எல்லாரும் காவிரிக் கரையில் கட்டுச்சோற்றுடன். நாங்கள் நூலகத்தில், இளமாறன் கொண்டுவந்த தேங்காய் சாதத்துடன். அவரே சமைத்ததாம். உப்பு அதிகம். நன்றாக இருந்தது.

தமிழ்நாட்டுப் பெயர்களைக் கையால் சேர்க்கிறோம். ஒரே கல்லூரி, ஒரே துறை, கூட எழுதியவர்கள் யார் என்று பார்த்து, சந்தேகம் வந்தால் போன் போடுகிறோம். பத்து நாளில் எண்ணூறு பேருக்குமேல் மறைந்துவிட்டார்கள். அதாவது, கிடைத்துவிட்டார்கள்.

போனில் நாகர்கோவில் டாக்டர் ஒருவர், “அது நானில்லை, என் அப்பா. அவர் மளிகைக் கடை வச்சிருந்தார். அவருக்கு எத்தனை?” என்று கேட்டு எழுதிக்கொண்டார். சேலத்துக்காரர் ஒருவர் நாங்கள் கடன் அட்டை விற்கிறோம் என்று நினைத்துத் திட்டினார். மதியம் திருநெல்வேலியிலிருந்து ஒரு அம்மா.

“கல்யாணத்துக்கு முந்தி நாலு எழுதுனேன். பொறவு ஏழு, அவரு பேர்ல. இப்பம் தனியாத்தான் இருக்கேன், மறுபடியும் எங்கய்யா பேர்ல ஒரு மூணு. எல்லாத்தையும் கூட்டுனா பதினாலு வருதா?”

“ஆமாங்க மேடம், பதினாலு. எல்லாம் ஒரே ஆள்னு சேத்துட்டோம்.”

“ஒரே ஆளுதாம்மா” என்றார். “நல்லாச் சேத்துப் போடு.”

போனை வைத்த பிறகு அந்தப் பதினாலையும் நான் இன்னொரு முறை எண்ணினேன், இளமாறன் அடுத்த எண்ணை அழுத்தினார்.

அறைக்குத் திரும்பியபோது ஷீபா இந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் உயிர் போய்விட்டது.

“படிக்கலை, சத்தியம். எனிக்கு அறியில்ல” என்றாள். “பக்ஷே இந்த அஞ்சு எழுத்து ரெண்டு பக்கத்துக்கு ஒரு தடவை வருது. இது யாரு?”

ஏதோ ஒரு புள்ளியியல் சொல் என்றேன்.

“அந்த ஸ்டாடிஸ்டிக்ஸ் ஸ்கூட்டர்ல வரும், இல்லே?”

தலையணையை எறிந்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மாநாட்டிலிருந்து பதில். திருத்தத்துக்கு நன்றி. பெரிய அரங்கப் பேச்சு வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. விரும்பினால் ஆய்வு முறைகள் அமர்வில் ஐந்து நிமிடம் பேசலாம். கடைசி நாள், சனிக்கிழமை காலை எட்டரை, மூன்றாம் மாடிச் சிறு அறை.

குளியலறையில் கொஞ்சம் அழுதேன். தண்ணீர் வந்துகொண்டிருந்தது, அந்த மட்டுக்கும் நல்லது.

ஆகஸ்ட் 20, புதன்

ஆவணி பிறந்து நாலாம் நாள். கோபிச்செட்டிபாளையம் மாப்பிள்ளை வீட்டில் ஒரு கேள்வி கேட்டார்களாம்: பெண் கல்யாணத்துக்கப்புறமும் இந்த ஆராய்ச்சி எல்லாம் பண்ணுமா?

“பண்ணும்மா” என்றேன்.

“அப்படியேவா சொல்றது?”

“அப்படியேதான் சொல்லோணும்.”

“செரி, சொல்றேன். அவங்க வீட்டுக் காப்பியும் எனக்குப் புடிக்கல” என்றாள் அம்மா. என் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு.

செப்டம்பர் 13, சனி, பெங்களூர்

பதினோரு பேர். மேடத்தையும் இளமாறனையும் சேர்த்தால்தான் பதினொன்று. ஒலிவாங்கி வேலை செய்யவில்லை. அறை சிறியது, தேவைப்படவுமில்லை.

முதல் படத்தில் என் பழைய சுருக்கத்தையே போட்டு, இதில் என்ன தவறு என்று தொடங்கினேன். மேடத்திடம் அனுமதி வாங்கியிருந்தேன். “இந்த நான்கு ஆய்வாளர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர், ஒருவர் நூல் வியாபாரி. கட்டுரைகளை எழுதியவர் இதோ, இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.” எல்லாரும் திரும்பினார்கள். மேடம் எழுந்து கும்பிட்டார்.

பிறகு சேர்த்த கணக்கு. தமிழ்நாட்டில் ஒரே கட்டுரையோடு நின்றவர்கள் மூன்றில் இரண்டு பங்கு இல்லை, மூன்றில் ஒன்றுக்கும் கீழே. பெண்கள் நின்றதாகச் சொன்ன அந்தக் கோடு, பெயர்களைச் சேர்த்ததும் ஆண்களின் கோட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. கட்டுரைகளை நாடு நாடாக எண்ணலாம். ஆட்களை எண்ணி நாடுகளை வரிசைப்படுத்துவதற்கு முன், அந்த நாட்டில் குழந்தைக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். சீனாவை என்னால் பிரிக்க முடியவில்லை, அதனால் மூன்றாவது அட்டவணையில் வரிசை எண்களையே எடுத்துவிட்டேன் என்று சொல்லி முடித்தேன். நாலு நிமிடம் ஐம்பது நொடி.

அதன்பிறகுதான் ஆரம்பித்தது. மியான்மரிலிருந்து வந்த ஒரு பேராசிரியை எழுந்து, எங்களுக்கும் குடும்பப் பெயரே கிடையாது, என் பெயரில் மூன்று சொல், மூன்றும் நான்தான், பத்திரிகைகள் என்னை மூன்று விதமாக வெட்டுகின்றன என்றார். ஐஸ்லாந்துக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே, நாங்களும் அப்பா பெயரைத்தான் பின்னால் போடுகிறோம், என் அக்காவும் நானும் ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பல் மருத்துவர்கள், அப்பா பெயரோடு ‘மகன்’, ‘மகள்’ என்று சேர்ப்பதால் எங்கள் கடைசிப் பெயர் வேறு வேறு என்றார். இந்தோனேசியப் பையன் ஒருவனுக்கு ஒரே பெயர்தான். படிவத்தில் அதையே இரண்டு முறை எழுதுகிறானாம். அடுத்த அமர்வுக்காரர்கள் கதவைத் தட்டும்வரை யாரும் எழவில்லை. வெளியே நடைபாதையில் இன்னும் இருபது நிமிடம் நின்று பேசினோம். மியான்மர் அம்மா தன் நாட்டுப் பட்டியலைத் தருவதாகச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெரிய அரங்கின் கதவு பாதி திறந்திருந்தது. கடந்துபோகும்போது உள்ளே பார்த்தேன். நல்ல மேடை. ஆசை இன்னும் இருக்கிறது, இல்லை என்று எழுத மாட்டேன்.

திரும்பும் ரயிலில் ஜன்னல் இருக்கை எனக்குக் கிடைத்தது, பக்கத்து இருக்கை இளமாறனுக்கு. மேடம் ஏறியதும் தூங்கிவிட்டார், அல்லது தூங்குவதாகக் காட்டிக்கொண்டார்.

செப்டம்பர் 15, திங்கள்

வரதராஜன் சார்: “அப்ப இந்தியா எத்தனாவது?”

“அந்த அட்டவணையில சொல்ல முடியாதுங்க சார்.”

“கடைசி இல்லையே?”

“அதுவும் சொல்ல முடியாதுங்க.”

“அது போதும்மா” என்று ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார். முழுப் பெயரையும் விரித்துப் போட்டார், இடம் போதாமல் ஓரத்தில் ஏறி இறங்கியது.

செப்டம்பர் 19, வெள்ளி

முழுக் கட்டுரையை இன்று பத்திரிகைக்கு அனுப்பினோம். நூலகத்தில், மதியம், இளமாறனின் கணினியில். படிவத்தில் சொந்தப் பெயருக்கு ஒரு பெட்டி, குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி. இரண்டாவதைக் காலியாக விட்டால் மேலே போக விடுவதில்லை.

“அப்பா பேரு போடவா?” என்று கேட்டார், விரல்கள் விசைப்பலகைமேல்.

என் அப்பாவுக்கு ஏற்கனவே ஒரு கட்டுரை இருக்கிறது, அது போதும் என்றேன். இரண்டு பெட்டியிலும் என் பெயரையே போடச் சொன்னேன். தமயந்தி தமயந்தி. பார்க்க யாரோ கூப்பிடுவது மாதிரி இருந்தது.

அவர் அடித்துவிட்டு அடுத்த பக்கம் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

“ஒன்னு கேக்கலாங்களா? ஆய்வுக்காகத்தான்.”

“கேளுங்க.”

“கல்யாணம் ஆனா இதை மாத்துவீங்களா?”

“மாத்த மாட்டேன்.” திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “கட்டிக்கறவருக்கு அதுல வருத்தம் வரலாம்.”

“வராதுங்க” என்றார். பிறகு காதெல்லாம் சிவக்க, “பொதுவாச் சொன்னேன்” என்றார்.

அனுப்பும் பொத்தானை நான் அழுத்தினேன். கட்டுரை போய்ச் சேர்ந்தது. டீ குடிக்கப் போனோம், வடை தீர்ந்திருந்தது, இரண்டு பேருக்குமே அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

வராது என்று சொல்ல அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. பொதுவாகப் பேசுகிறவர்கள் கொஞ்சமாவது யோசிப்பார்கள்.